உழவு இயந்திரத்தில் இரண்டாவது பற்றரியை இணைத்தல்

பெரும்போக மழை தொடங்கிக் குளத்து மதகும் திறக்கப்பட்டபின் உழவு இயந்திரத்திற்கு இரவு பகல் என்ற வேறுபாடு இல்லை. நீர்முறை வந்த வயலை அம்முறைக்குள் உழுது முடித்தல் வேண்டும். ஒரு வயல் முடியுமுன் அடுத்த வயற்காரர் வரம்பில் வந்து காத்து நிற்பார். ஆதலின் பின் மட்காட்டில் இரண்டு விளக்குகளைப் பூட்டி இரவில் உழுவது பல இடங்களிலும் வழக்கமாகிவிட்டது. மரக்கறிச் செய்கையாளரோ பெட்டியில் நீர்த்தாங்கியை ஏற்றி, மின்னால் இயங்கும் சிறு பம்பியைக் கொண்டு மருந்து விசிறுகின்றனர். சந்தைக்கு மரக்கறி ஏற்றும் சிறு லொறிகளிலும், மூடை அடுக்கும் வேளையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடுவது உண்டு. இவை யாவும் மின்னைப் பெறுவது ஒரே பற்றரியிலிருந்தே. இயந்திரத்தைத் திரும்ப இயக்குவதற்கு வேண்டிய மின்னும் அதிலேதான் இருக்கின்றது.

இதனால் விளைவது பலருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. நள்ளிரவிற் கலப்பையிற் சிக்கிய வைக்கோலை அகற்றவோ, தளர்ந்த ஆணியை இறுக்கவோ இயந்திரம் நிறுத்தப்படுகின்றது. வேலைக்கு வெளிச்சம் வேண்டுமாதலின் விளக்குகள் எரிகின்றன. இரண்டு மணி நேரத்தின் பின் திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒலி மாத்திரம் கேட்கும். புதிய பற்றரி இதைத் தாங்கக்கூடும். சில போகங்கள் கண்ட பற்றரி தாங்காது. இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் நிற்கும் இயந்திரத்தைத் தள்ளி இயக்கவும் முடியாது. விடியும்வரை காத்திருந்து, வேறொரு பற்றரியைத் தோளிற் சுமந்து வரம்புவழி கொண்டுவருதலே வழி. அதற்குள் நீர்முறை கடந்துவிடும்.

இதற்குப் பரிகாரமாக இரண்டாவது பற்றரி ஒன்றைப் பொருத்தலாம். பொருத்துவது கடினமான வேலையன்று. ஆயின் இரண்டு பற்றரிகளையும் கம்பியினால் வெறுமனே சேர்த்துக் கட்டிவிடுவது பரிகாரம் ஆகாது. தவறாகக் கட்டிய கம்பி இயந்திரத்தையே எரித்துவிடக் கூடும். ஆதலின் வேலையை வாகன மின்வேலை அறிந்த ஒருவரிடம் ஒப்படைப்பவருங்கூட, அவர் செய்வது சரிதானா என்று நோக்குவதற்குக் கீழ்க்காணும் விடயங்களை அறிந்திருத்தல் நன்று.

பற்றரி சோர்வதேன்?

இயந்திரத்தை இயக்குவதற்கென ஆக்கப்படும் பற்றரியில் ஈயத்தகடுகள் மெல்லியனவாயும் எண்ணிக்கையிற் பலவாயும் இருக்கும். டீசல் இயந்திரத்தின் தொடக்கி மோட்டர் சில வினாடிகளுக்கு 200 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். அவ்வளவு மின்னை ஒரேயடியாகத் தருவதற்கு மெல்லிய தகடுகளே ஏற்றவை. தந்த மின் மிகச் சிறிய அளவே. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்பிறப்பாக்கி அதைத் திரும்ப நிரப்பிவிடும்.

அதே பற்றரியிலிருந்து மணிக்கணக்காகச் சிறுகச் சிறுக மின்னை எடுத்தால் நிலைமை வேறாகின்றது. தகடுகளிற் படியும் ஈயச் சல்பேற்று உடனே மீள மின்னேற்றப்படாதவிடத்து இறுகிப் பளிங்காகிவிடும். இறுகிய படிவு பின்னர் முற்றாகக் கரையாது. இவ்வாறு சில பத்துத் தடவைகள் அடிவரை வெறுமையாக்கப்பட்ட தொடக்கிப் பற்றரி, உரிய காலத்திற்கு வெகு முன்னரே பயனற்றுப் போகும். ‘பற்றரி நல்லதில்லை’ என்று கடைக்காரரைக் குறைகூறும் பலர், உண்மையில் அப்பற்றரியை அதற்குரியதல்லாத வேலைக்குப் பயன்படுத்தியவரே.

முதலிற் கணக்கு

இரண்டாவது பற்றரிக்குப் பணம் செலவிடுமுன் ஒரு சிறு கணக்குப் பார்த்தல் வேண்டும். ஒவ்வோர் உபகரணத்திலும் அதன் வாற்றளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் பற்றரியின் வோல்ற்றளவாகிய 12 ஆற் பிரித்தால் அம்பியர் கிடைக்கும். அம்பியரை மணித்தியாலத்தாற் பெருக்கினால் அம்பியர்-மணி கிடைக்கும். பற்றரியின் கொள்ளளவும் அம்பியர்-மணியிலேயே குறிக்கப்படுகின்றது.

உதாரணமாக, 55 வாற்றுக் குமிழ் விளக்குகள் இரண்டு ஏறக்குறைய 9 அம்பியர் எடுக்கும். 60 வாற்றுப் பம்பி 5 அம்பியர் எடுக்கும். இயந்திரம் நின்றிருக்க, இவை யாவும் 4 மணி நேரம் இயங்கினால் 56 அம்பியர்-மணி செலவாகும். 75 அம்பியர்-மணிப் பற்றரியில் இவ்வளவும் உண்டு என்று எண்ணுதல் பிழை. ஈய அமிலப் பற்றரியிற் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகவே 75 அம்பியர்-மணிப் பற்றரியை 37 அம்பியர்-மணிப் பற்றரி என்றே கமக்காரர் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். மேலும், கடையிற் குறிப்பிடப்படும் கொள்ளளவு 20 மணி நேரத்திற் சிறிது சிறிதாக எடுக்கும்போது கிடைப்பது. விரைவாக எடுத்தால் அதனினும் குறைவாகவே கிடைக்கும்.

இனி, அக்குமிழ் விளக்குகளை நீக்கிவிட்டு 18 வாற்று எல்.ஈ.டீ. விளக்குகள் இரண்டைப் பூட்டினால் 3 அம்பியர் மாத்திரமே செல்லும். பம்பியும் சேர 8 அம்பியர். 4 மணி நேரத்திற்கு 32 அம்பியர்-மணி. இப்பொழுது அதே பற்றரி போதுமானதாகின்றது. விளக்கை மாற்றும் செலவு பற்றரியின் விலையிற் சிறு பகுதியே. விளக்குகள் மாத்திரமே உள்ளனவும், இயந்திரம் ஓடும்போதே அவற்றை எரிப்பதுமானால், விளக்கை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். இரண்டாவது பற்றரி வேண்டியதேயில்லை. இதனை மனதிற் கொள்ளாது செலவு செய்தவர் பலர்.

மின்பிறப்பாக்கியின் வலுவையும் நோக்குதல் அவசியம். எடுத்த 32 அம்பியர்-மணியைத் திரும்ப நிரப்ப ஏறக்குறைய 40 அம்பியர்-மணி ஊட்டப்படல் வேண்டும். 35 அல்லது 40 அம்பியர் தரும் மின்பிறப்பாக்கியாயின், அடுத்த நாள் மூன்று நான்கு மணி நேர உழவில் இதன் பெரும்பகுதி நிரம்பிவிடும். கடைசி ஐந்திலொரு பகுதி நிரம்புவது மிக மந்தமாகவே நிகழும். ஆனால் பழைய டைனமோ பூட்டிய உழவு இயந்திரங்களிற் சில, பத்துப் பன்னிரண்டு அம்பியருக்கு மேல் தராதவை. அவற்றில் இரண்டாவது பற்றரியைச் சேர்த்தால் இரண்டும் அரைப் பட்டினியிற் கிடக்கும். அத்தகைய இயந்திரத்தின் சொந்தக்காரர் முதலில் மின்பிறப்பாக்கியை மாற்றுதல் வேண்டும். இல்லையேல் தனிப் பற்றரியொன்றை வீட்டில் மின்னேற்றி எடுத்துச் செல்லலாம். கையாற் சுழற்றி இயக்கப்படும் இருசில்லு உழவு இயந்திரங்களிற் பலவற்றிற்குப் பற்றரியே இல்லையாதலின், அவற்றிற்கும் இவ்விரண்டாவது வழியே பொருந்தும்.

எத்தகைய பற்றரி?

இரண்டாவது பற்றரி தடித்த தகடுகளைக் கொண்டதாக, ஆழமாக வெறுமையாகி மீள நிரம்புதலைத் தாங்கக்கூடியதாக இருத்தல் நன்று. மின்கம்பி எட்டாத கிராமங்களிற் சூரிய மின்றகடுகளோடு பயன்படுத்தப்பட்ட பற்றரிகள் இவ்வகையின. எனினும் வீட்டு மூலையில் அசையாது இருப்பதற்கென ஆக்கப்பட்ட பற்றரி, வரம்பு ஏறி இறங்கும் இயந்திரத்தின் குலுக்கத்தைப் பொறுக்காது தகடு உதிர்ந்து போகலாம். ஆகவே வாகனத்திற்கும் ஏற்றது என்று குறிக்கப்பட்டதையே வாங்குதல் வேண்டும். இரண்டு பற்றரிகளும் ஈய அமில வகையினவாய் இருப்பதும் அவசியம். இலிதியம் பற்றரிகள் இந்நாளிற் கிடைக்கின்றனவாயினும் அவற்றிற்குத் தனியான மின்னேற்றும் கருவி வேண்டும். இங்கு கூறப்படும் முறையில் அவற்றை இணைத்தலாகாது.

இரண்டையும் பிரித்து வைத்தல்

நேர்முனையோடு நேர்முனையையும் மறைமுனையோடு மறைமுனையையும் கம்பியாற் கட்டிவிட்டால் இரண்டு பற்றரிகளும் ஒரு பெரிய பற்றரியாகிவிடும். விளக்கு எரிய எரிய இரண்டும் ஒன்றாகவே இறங்கும்; காலையில் இரண்டும் ஒன்றாகவே வெறுமையாக இருக்கும். நோக்கம் அதுவன்று. இயந்திரம் ஓடும்போது இரண்டும் சேர்ந்து மின்னேறவும், இயந்திரம் நின்றவுடன் தொடக்கிப் பற்றரி தனித்து நிற்கவும் வேண்டும். இரண்டு அறைகளைக் கொண்ட தொட்டிக்கு நடுவே ஒரு பலகை வைத்ததைப் போன்றது இது. வாய்க்காலில் நீர் வரும்போது பலகை உயர்கின்றது; நின்றதும் பலகை இறங்குகின்றது. ஓர் அறையை இறைத்து முடித்தாலும் மற்றையது நிறைந்தே இருக்கும்.

அப்பலகையின் வேலையைச் செய்விக்க மூன்று வழிகள் உள்ளன. மிக மலிவானது கையால் திருப்பும் பெரிய ஆளி. அதில் குற்றமொன்றுமில்லை, குற்றம் மறதியிலேயே உள்ளது. அலுத்துக் களைத்த சாரதி ஒருநாள் ஆளியைத் திருப்ப மறப்பார். அன்றைக்கே இயந்திரம் நடுவயலில் நிற்கும். இரண்டாவது வழி இருவாயிகளைக் கொண்டு பிரித்தல். இருவாயி மின்னை ஒரு திசையில் மாத்திரமே செல்லவிடும். ஆயின் சாதாரண சிலிக்கன் இருவாயி 0.7 வோல்ற்று அளவில் தானே விழுங்கிக்கொள்ளும். மின்பிறப்பாக்கி தரும் 14 வோல்ற்றில் இது சிறிதாகத் தோன்றினும், 13.3 வோல்ற்று மாத்திரமே பெறும் பற்றரி ஒருபோதும் நன்கு நிரம்பாது.

மூன்றாவதாகிய றிலே முறையே பெரும்பாலும் விரும்பத்தக்கது. றிலே என்பது சிறு மின்னால் இயக்கப்படும் பெரிய ஆளி. இதிற் கவனிக்கவேண்டிய பிழையொன்று உண்டு. மலிவாகக் கட்டித் தருவோர் பலரும் இப்பிழையைச் செய்கின்றனர். றிலேயின் சுருளுக்கு வேண்டிய மின்னைத் திறப்பிலிருந்து எடுத்துவிடுவதே அப்பிழை. அவ்வாறு செய்தால் திறப்பைத் திருப்பியவுடனேயே, அதாவது இயந்திரம் ஓடுமுன்னரே, இரண்டு பற்றரிகளும் சேர்ந்துவிடும். தொடக்கி மோட்டர் இழுக்கும் பெருமின்னின் ஒரு பகுதி, இரண்டாவது பற்றரியிலிருந்து அந்த ஒல்லியான கம்பிவழியாகப் பாயும். உருகி இருந்தால் அது உருகும். இல்லையாயின் கம்பி உருகும்.

வோல்ற்றளவை உணர்ந்து இயங்கும் றிலே இக்குறைபாடு இல்லாதது. தொடக்கிப் பற்றரியின் வோல்ற்றளவு ஏறக்குறைய 13.3 ஆக உயரும்போதே இது இணைக்கும். அவ்வுயர்வு மின்பிறப்பாக்கி வேலை செய்வதற்கு அடையாளமாகும். இயந்திரம் நின்று வோல்ற்றளவு 12.8 அளவிற்கு இறங்கியதும் தானே பிரித்துவிடும். சாரதி எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. 100 அம்பியர் அல்லது அதற்கு மேல் தாங்கும் என்று குறிக்கப்பட்டதைத் தெரிதல் வேண்டும். வெறுமையாய் இருக்கும் பற்றரி இணைக்கப்பட்ட முதற் சில நிமிடங்களில் 30 முதல் 50 அம்பியர்வரை இழுத்தல் கூடும்.

கம்பியும் உருகியும்

இவ்வேலையில் ஒரு விடயத்தை மாத்திரமே கவனிக்க நேரமுண்டு என்று வைத்துக்கொண்டால், அது இதுவே: இரண்டு பற்றரிகளையும் இணைக்கும் கம்பியின் இரு நுனிகளிலும் உருகி இருத்தல் வேண்டும்.

வீட்டுக் கம்பியில் மின் ஒரு பக்கத்திலிருந்து வருகின்றது. ஆதலின் அங்கே ஓர் உருகி போதும். இங்கே கம்பியின் இரு நுனியிலும் பற்றரி உண்டு. நடுவில் எங்கேனும் உறை தேய்ந்து கம்பி இரும்புச் சட்டத்திற் பட்டுவிட்டால், இரு பக்கத்திலிருந்தும் மின் அவ்விடத்திற் பாயும். நன்கு மின்னேறிய ஒரு பற்றரி அந்நிலையில் ஆயிரம் அம்பியருக்கு மேலும் தரவல்லது. கம்பி சில வினாடிகளிற் சிவந்து, உறை தீப்பற்றும். உழவு இயந்திரத்திலே எண்ணெய்க் கசிவும் வைக்கோலும் எப்பொழுதும் உண்டு. திறப்பைக் கழற்றினாலும் இத்தீ நிற்காது, ஏனெனில் இக்கம்பி திறப்பின்வழிச் செல்வதன்று. ஒரு பக்கத்தில் மாத்திரம் உருகியைப் பூட்டியவர் பாதிக் காவலையே பெற்றவராவர்.

உருகியை நேர்முனைக்கு இயன்றவரை அண்மையில், ஒரு சாண் தூரத்திற்குள் பூட்டுதல் வேண்டும். முனைக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவல் இல்லையாதலின் அது குறுகியதாக இருத்தலே நன்று. 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிக்கு இரு நுனிகளிலும் 60 அம்பியர் உருகி தகுந்தது. உருகியின் அளவு கம்பியைப் பொறுத்தது, உபகரணத்தைப் பொறுத்ததன்று. உருகி அடிக்கடி போகின்றதென்று அதிலும் பெரியதைப் பூட்டுவதும், சிகரெட் தாளின் வெள்ளித் தகட்டைச் சுற்றிவிடுவதும், காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவதை ஒக்கும். போனதற்குரிய காரணத்தைத் தேடுதலே வேலை.

இரண்டாவது பற்றரியிலிருந்து விளக்குக்கும் பம்பிக்கும் செல்லும் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி உருகி வேண்டும்: மேற்கூறிய எல்.ஈ.டீ. விளக்குகளுக்கு 5 அல்லது 10 அம்பியரும், பம்பிக்கு 10 அல்லது 15 அம்பியரும் போதுமானவை. இவற்றிற்கு 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பி ஏற்றது.

ஆனால் அதே 2.5 கம்பியைக் கொண்டு பற்றரிகளை இணைக்கலாகாது. பற்றரிகளுக்கிடையே போகவும் வரவுமாக 8 மீற்றர் கம்பி செல்கின்றது எனக் கொள்வோம். 30 அம்பியர் பாயும்போது, 16 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் இழக்கப்படுவது கால் வோல்ற்று அளவே. 2.5 கம்பியிலோ ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் இழக்கப்படும். மின்பிறப்பாக்கி 14 வோல்ற்றுத் தந்தாலும் மறுமுனைக்கு 12.4 வோல்ற்றே போய்ச் சேரும். அவ்வளவு வோல்ற்றில் பற்றரி மின்னேறாது. உண்மையில் மின்னோட்டம் தானே குறைந்து, பற்றரி நாட்கணக்கில் அரைகுறையாகவே கிடக்கும். ‘இரண்டாவது பற்றரி பூட்டியும் பயனில்லை’ என்ற முறைப்பாட்டிற்குப் பெரும்பாலும் கம்பியின் ஒல்லியே காரணம்.

மறைமுனைப் பக்கத்தையும் மறத்தலாகாது. பலர் நேர்க்கம்பியைத் தடிப்பாகப் போட்டுவிட்டு, மறைக்கம்பியை அண்மையில் உள்ள ஏதோவோர் ஆணியிற் கட்டிவிடுவர். ஆணியின் கீழ் வர்ணமும் துருவும் சேறும் இருக்கும். மின் அவற்றின்வழிச் செல்ல இடர்ப்படும். இரண்டாவது பற்றரியின் மறைமுனையிலிருந்து முதற் பற்றரியின் மறைமுனைக்கு அதே தடிப்பான கம்பியைத் தனியாகக் கொண்டு செல்லுதல் சேற்றில் வேலை செய்யும் இயந்திரத்திற்குச் சாலச் சிறந்தது. கம்பி நுனிகளுக்குக் குதை பூட்டி, உரிய கருவியால் நசுக்கி இறுக்குதல் வேண்டும். முறுக்கிச் சுற்றிய இணைப்புக் குலுக்கத்திற் தளரும்.

கம்பி செல்லும் வழியெங்கும் பழைய இறப்பர்க் குழாய் போன்ற ஓர் உறைக்குள் இடப்பட்டு, ஒரு முழத்துக்கு ஓரிடமாயினும் கட்டப்படல் வேண்டும். இரும்புத் துளையினூடாகச் செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் இடுதல் அவசியம். புகைக்குழாயும் சுழலும் பகுதிகளும் அணுகாத வழியே நல்லது. நெல் மூடைகளோடு ஒரே கொட்டிலில் நிறுத்தப்படும் இயந்திரத்திற்கு எலியும் ஒரு பகையாகும். கம்பியின் உறையை அது கொறிக்கும். போகத்தின் தொடக்கத்தில் ஒருமுறை கம்பி முழுவதையும் கண்ணாற் பார்ப்பது இதன்பொருட்டே.

பற்றரியை வைக்கும் இடம்

75 அம்பியர்-மணிப் பற்றரி ஏறக்குறைய 20 கிலோகிராம் நிறையுள்ளது. அது புரண்டாலோ விழுந்தாலோ அமிலம் சிந்தும். முனைகள் இரும்பிற் பட்டுப் பொறி பறக்கும். ஆகவே உறுதியான தட்டொன்றை ஆணியால் இறுக்கி, அதன்மேற் பற்றரியை வைத்து, மேற்பட்டியொன்றினால் அசையாது பிணித்தல் வேண்டும். கயிற்றுக் கட்டுப் போதாது. சில்லுகள் சேற்றை எறியும் பக்கமும் புகைக்குழாயின் அருகும் தவிர்க்கத்தக்கவை. பெட்டியில் வைப்பது வசதியாகத் தோன்றினும், பெட்டி கழற்றப்படும்போதெல்லாம் கம்பியையும் கழற்ற நேரும். சாரதியின் ஆசனத்திற்குப் பின்புறமே பெரும்பாலும் வாய்ப்பான இடம்.

மின்னேறும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அளவு சேர்ந்தாலே இது பொறியொன்றினால் வெடிக்கக்கூடியது. ஆகவே மூடு பெட்டியில் மேற்பக்கத்திலே காற்றுத் துளைகள் வேண்டும். பீடி, சிகரெட், தீக்குச்சி ஆகியவற்றைப் பற்றரியின் அருகே கொண்டு செல்லலாகாது. நீர்மட்டத்தைப் பார்ப்பதற்குத் தீக்குச்சி கிழித்து முகத்திற் காயமடைந்தவர்கள் உண்டு.

இணைக்கும் ஒழுங்கு

வேலை தொடங்குமுன் இயந்திரத்தை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுதல் வேண்டும். கையிலுள்ள மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் நன்று. நேர்முனைக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே மோதிரம் அகப்பட்டால் அது விரலிலேயே சிவந்துவிடும். முதலிற் கழற்றவேண்டியது புவித்தொடுப்புள்ள முனை, அதாவது இயந்திரத்தின் சட்டத்தோடு இணைந்த முனை. கடைசியாகப் பூட்டவேண்டியதும் அதுவே. அம்முனை கழன்றிருக்கையில் ஸ்பானர் தவறிச் சட்டத்திற் பட்டாலும் பொறி எழாது.

இந்நாளைய இயந்திரங்களில் மறைமுனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். ஆயின் பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1946 முதல் 1956 வரை ஆக்கப்பட்ட பேர்குசன் டீ.ஈ. 20 அத்தகையது. இவற்றில் இன்றைய றிலேயையோ எல்.ஈ.டீ. விளக்கையோ பார்த்துப் பாராமற் பூட்டினால் அக்கணமே பழுதாகும். ஆகவே தடித்த கம்பி சட்டத்திற்குச் செல்லும் முனையில் கூட்டற் குறியா கழித்தற் குறியா உள்ளது என்று பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

கம்பிகள் யாவும் பூட்டி முடியும்வரை உருகிகளை இடாது விடுதல் நல்ல பழக்கம். எல்லாம் சரியென்று கண்ட பின் முதலிற் புவித்தொடுப்பையும், பின்னர் உருகிகளையும் பூட்டலாம்.

பின்னோக்கிய உழவு விளக்குக்குத் தனியாக ஓர் ஆளி வைத்து, அதனைச் சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் அமைத்தல் வேண்டும். வயலைவிட்டுத் தெருவில் ஏறியதும் அவ்விளக்கு அணைக்கப்படல் வேண்டும். பின்னால் வரும் லொறிச் சாரதியின் கண்ணை அது கூசச் செய்து, பெட்டியிருப்பதையே அவர் காணாதவாறு செய்துவிடும்.

சோதித்தல்

வோல்ற்றளவி ஒன்று இன்றைக்குச் சிறு விலைக்குக் கிடைக்கின்றது. பற்றரி வைத்திருக்கும் எவரும் அதனை வாங்குவது வீண் செலவாகாது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 அல்லது 12.7 காட்டினால் அது நிறைந்தது, 12.2 காட்டினாற் பாதி. 12 க்குக் கீழே இறங்கினால் உடனே மின்னேற்றல் வேண்டும்.

இயந்திரத்தை இயக்கியபின் முதற் பற்றரியில் 13.8 க்கும் 14.4 க்கும் இடையே காணப்படல் வேண்டும். சிறிது நேரத்தில் றிலே ‘டக்’ என்று இணையும். உடனே இரண்டாவது பற்றரியிலும் வோல்ற்றளவு உயரும். பத்து நிமிடங்களின் பின்னும் இரண்டுக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு இருந்தால் எங்கோ இணைப்புத் தளர்வாக உள்ளது அல்லது கம்பி ஒல்லி. ஒவ்வோர் இணைப்பையும் கையாற் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்குமிடமே குற்றமுள்ள இடம். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, றிலே பிரிவதற்குச் சில நிமிடங்கள் விட்டு, விளக்குகளையும் பம்பியையும் ஒரு மணி நேரம் இயக்குதல் வேண்டும். இரண்டாவது பற்றரியின் வோல்ற்றளவு குறைய, முதலாவதினது குறையாது நிற்குமாயின் வேலை செவ்வையாக அமைந்ததென்று கொள்ளலாம். இச்சோதனையை வீட்டு முற்றத்திற் பகலிற் செய்வது உசிதம்.

பேணுதல்

நீர் விடும் வகைப் பற்றரியில் மாதமொருமுறை நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். தகடுகள் ஒரு விரற்கடை அளவு மூடப்பட்டிருத்தல் போதும். குறைந்தவிடத்துக் காய்ச்சி வடித்த நீரை மாத்திரமே விடலாம். கிணற்றுநீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் அதில் உப்புகள் கரைந்துள்ளன. வரண்ட வலயக் கிணறுகளில் இவை மிகுதி. அவை தகட்டைக் கெடுக்கும். அமிலம் கண்ணிற் பட்டால் நிறைந்த நீரால் வெகுநேரம் கழுவி உடனே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.

இரண்டு போகங்களுக்கிடையே இயந்திரம் வாளாவிருக்கும் காலமே பற்றரிக்குக் கேடான காலம். ஒன்றும் எடுக்காவிட்டாலும் அது தானே மெல்ல இறங்கும். மாதமொருமுறை இயந்திரத்தைச் சில மணி நேரம் ஓடவிட்டோ, மின்னேற்றும் கருவியைக் கொண்டோ இரண்டையும் நிரப்பி வைத்தால், அடுத்த மழைக்கு அவை ஆயத்தமாக இருக்கும்.

ஆயுள் முடிந்த பற்றரியை வீட்டிற் பிளந்து ஈயத்தை உருக்குவது சிலவிடங்களிற் காணப்படும் வழக்கம். ஈயப் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பன. முற்றத்து மண்ணில் விழுந்த ஈயம் பல ஆண்டுகளுக்கு அங்கேயே தங்கும். அமிலத்தை வாய்க்காலில் ஊற்றுவதும் தகாது. புதிய பற்றரி வாங்கும்போது பழையதைப் பிளவாது அப்படியே கொடுத்தால், கடைக்காரர் அதற்குரிய பெறுமதியை விலையிற் கழித்துக்கொள்வர்.